பதினோரு புள்ளிகள்

பூஜ்யம் என்றால் என்னவென்றே தெரியாதவள் என்று முந்நூறு பேர் கூடிய மண்டபத்தில் ஒருத்தியைச் சொல்லிச் சிரித்தார்களே, அவளுக்கு அலுவலகத்தில் கமா அக்கா என்று பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது. பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்க்கிற வேலை. அச்சுக்குப் போகுமுன் பக்கங்களைப் படித்துப் பிழை பிடிக்க வேண்டும். இருபத்தேழு வருடமாக அதே நாற்காலி, அதே ஜன்னல், எதிரே அதே சுவர். ஒரு கமா இடம் மாறி உட்கார்ந்திருந்தால் செருப்புக்குள் கல் புகுந்த மாதிரி அவளுக்கு. எடுத்துப் போடாமல் அடுத்த வரிக்கு நகர மாட்டாள்.

பூஜ்யம் தெரியாதவளாம்! இந்தப் பதிப்பகத்துக்கு வருமுன் அவள் ஆறு வருடம் எங்கே வேலை பார்த்தாள் என்று யாராவது கேட்டார்களா? மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைக்கிறார்களே ஒரு மெல்லிய காகிதம், எந்த வயதுக்கு எவ்வளவு மருந்து என்று பொடி எழுத்தில், அதை அச்சடிக்கிற இடத்தில். அங்கே ஒரு சட்டம் உண்டு. அரை மில்லிகிராம் என்றால் வெறும் புள்ளி ஐந்து என்று போடவே கூடாது. புள்ளி சரியாக விழாவிட்டால் அரை என்பது ஐந்தாகிவிடும். பத்து மடங்கு மருந்து. அதனால் புள்ளிக்கு முன்னால் ஒரு பூஜ்யம் காவலுக்கு நிற்க வேண்டும். ஒரு மத்தியானம், குழந்தைகளுக்கான சொட்டு மருந்துக் காகிதம் ஓடிக்கொண்டிருந்தபோது, ஒரு வரியில் அந்தப் பூஜ்யமும் இல்லை, புள்ளியும் இல்லை என்று அவள் பார்த்தாள். ஓடிப்போய் மெஷினை நிறுத்தச் சொன்னாள். மேற்பார்வையாளர் கத்தினார். அவள் காகிதக் கட்டின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "என்னைத் தூக்கிப் போட்டுட்டு ஓட்டுங்க" என்றாள். நிறுத்தினார்கள். எந்தக் குழந்தை பிழைத்தது என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் ஒன்றுமே நடக்கவில்லை. அவள் வேலையின் லட்சணமே அதுதான். ஒழுங்காகச் செய்தால் ஒன்றுமே நடக்காது, யாரும் பேச மாட்டார்கள். தப்பு நடந்தால் மட்டும் ஊரே விரல் நீட்டும்.

சரி, கதைக்கு வருகிறேன். பேராசிரியர் என்று ஒருவர். கணக்கைப் பற்றிச் சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி எழுதுகிறவர், தொலைக்காட்சியிலும் வருவார். மூன்று புத்தகம் சுடச்சுட விற்றது. நான்காவது, பூஜ்யத்தின் வரலாறு. 'புள்ளியில் பிறந்த பூஜ்யம்' என்று தலைப்பு. அட்டையில் கறுப்புப் பின்னணி, நடுவில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. பார்க்க ஜோராகத்தான் இருந்தது.

மனிதர் கொடுத்த கைப்பிரதிதான் ஜோராக இல்லை. தட்டச்சுத் தாளை நகல் எடுத்து, அந்த நகலை இன்னொரு நகல் எடுத்து அனுப்பியிருந்தார். பக்கம் முழுக்கக் கறுப்புப் பொடி தூவின மாதிரி. அதைப் பதிப்பகத்தில் பக்கம் அமைக்கிற லேஅவுட்காரர் ஸ்கேன் மெஷினில் கொடுத்து எழுத்தாக மாற்றினார். மெஷினுக்கு என்ன தெரியும்? தாளில் கிடந்த ஒவ்வொரு அழுக்கையும் முற்றுப்புள்ளி என்று படித்துவிட்டது. சொல்லுக்கு நடுவில் புள்ளி, வரிக்கு மேல் புள்ளி, எண்ணுக்குப் பக்கத்தில் புள்ளி.

முதல் மெய்ப்பில் கமா அக்கா பொருள் படிக்க மாட்டாள். எழுத்தை மட்டும்தான் பார்ப்பாள். பொருள் படிக்க ஆரம்பித்தால் கதையில் மயங்கிக் கண் எழுத்தை விட்டுவிடும் என்பது அவள் கண்டறிந்த உண்மை. அதனால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, அந்த அழுக்குப் புள்ளிகளை எல்லாம் சிவப்பு மையால் அடித்துத் தள்ளினாள். இருநூற்றுச் சொச்சம் புள்ளி. கை வலித்தது.

இரண்டாம் மெய்ப்பு பொருளுக்காக. அப்போதுதான் ஐந்தாம் இயலை ரசித்துப் படித்தாள். பூஜ்யத்துக்கென்று ஒரு குறி வருவதற்கு முன்னால், களிமண் பலகையில் எண் எழுதியவர்கள் நடுவில் வெறுமனே கொஞ்சம் இடம் விட்டார்களாம். படிக்கிறவர் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். "அடக் கொடுமையே, நகல் எடுக்கிறவன் இடத்தை ஒட்டிவிட்டால் எண்ணே மாறிவிடுமே!" என்று அவளுக்குத் தொழில்முறையில் பதறியது. அப்புறம் எழுபத்து நான்காம் பக்கம். பழைய கல்வெட்டு ஒன்றில் அறுநூற்று ஐந்து என்ற ஆண்டை வெட்டும்போது, ஆறுக்கும் ஐந்துக்கும் நடுவே பூஜ்யத்துக்காக ஒரு புள்ளி வைத்திருக்கிறார்கள். 'இந்தச் சின்னப் புள்ளியைப் பாருங்கள். எந்த மன்னனும் வைத்ததல்ல. பெயர் தெரியாத ஒரு எழுத்தர் வைத்தது. அவரை நான் கைகூப்பி வணங்குகிறேன்' என்று பேராசிரியர் உருகியிருந்தார். கமா அக்கா அந்த வரியை மறுபடி ஒரு தடவை படித்தாள். பெயர் தெரியாத எழுத்தரையும் ஒருத்தர் நினைக்கிறாரே!

அடுத்த நொடி திக்கென்றது. பாருங்கள் என்கிறாரே, புள்ளி எங்கே? ஆறு, ஐந்து. நடுவில் ஒன்றுமில்லை.

"ஐயையோ, நான்தான் அடிச்சேன்" என்று வாய்விட்டே சொன்னாள். முதல் மெய்ப்பை எடுத்துப் புரட்டினாள். அந்த இயலில் எண்களுக்குப் பக்கத்தில் மட்டும் முப்பது புள்ளி அடித்திருந்தாள். அதில் கல்வெட்டுக்காரர் வைத்தது எது, நகல் மெஷின் தும்மினது எது? கைப்பிரதியைப் பார்த்தாலும் தெரியவில்லை, எல்லாம் ஒரே கறுப்பு. எண்ணைச் சுற்றியுள்ள வாக்கியங்களை வைத்துக் கணக்குப் போட்டு, பதினோரு இடத்தில் புள்ளி இருக்க வேண்டும் என்று அவளுக்குப் பட்டது. ஆனால் பட்டதை எல்லாம் அச்சில் ஏற்ற முடியுமா? மூலத்தைப் பார்த்தவர் ஆசிரியர். அவர்தான் சொல்ல வேண்டும்.

இதற்கும் அந்தப் பதிப்பகத்தில் வழி இருந்தது. முதலாளி வைத்த சட்டம் அது. நிச்சயமான திருத்தம் என்றால் சிவப்பு மை. அடித்ததைத் திரும்ப வைக்க வேண்டுமென்றால் அதன் அடியில் வரிசையாகச் சின்னப் புள்ளிகள். இருக்கட்டும் என்று அர்த்தம். சந்தேகம் என்றால் பென்சில். பென்சிலில் எழுதியது ஆசிரியருக்கான கேள்வி. அவர் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நீல மையால் பதில் எழுத வேண்டும். பதில் இல்லாத கேள்வியை லேஅவுட்காரர் தொட மாட்டார், உள்ளது உள்ளபடி போய்விடும். கமா அக்கா பதினோரு இடத்திலும் பென்சிலால் 'இங்கே புள்ளி வேண்டுமா? முதல் மெய்ப்பில் நான் தவறாக நீக்கியிருக்கலாம்' என்று எழுதினாள். தன் தப்பைத் தானே எழுதி வைத்தாள், கவனியுங்கள். இதோடு சேர்த்துப் புத்தகம் முழுவதும் நாற்பத்தொரு கேள்வி.

அதில் இருபத்தாறாவது கேள்விக்கு ஒரு கதை உண்டு. வேறொரு இயலில், கி.மு. ஐம்பது முதல் கி.பி. ஐம்பது வரை நூறு ஆண்டு என்று எழுதியிருந்தார். அவளுக்கு என்னவோ இடித்தது, என்ன என்று சொல்லத் தெரியவில்லை. அன்று சாயங்காலம் வீட்டில் காய் நறுக்கிக்கொண்டே புருஷனிடம் கேட்டாள். அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். முதுகு வலிக்காகத் தரையில் நீட்டிப் படுத்தபடி, கூரையைப் பார்த்துத்தான் எதையும் யோசிப்பார்.

"ஏங்க, உங்க லிஃப்ட்ல பூஜ்யம் உண்டா?"

"அதுதானே வாசல்! மேல ஒண்ணு, கீழ மைனஸ் ஒண்ணு, நடுவுல பூஜ்யம். ஆனா பழைய கட்டடம் ஒண்ணு இருக்கு, அதுல பூஜ்யமே கிடையாது. கீழ் ஒண்ணுக்கு மேல நேரா மேல் ஒண்ணு. கீழ் ரெண்டுல ஏறினா மேல் ரெண்டுக்கு மூணே தாவல். முதல் நாள் நாலுன்னு கணக்குப் பண்ணி வயரை நீளமா வெட்டிட்டு வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

கமா அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். கி.மு. ஒன்றுக்கு அடுத்தது கி.பி. ஒன்று. நடுவில் பூஜ்யம் என்று ஒரு ஆண்டே இல்லை. நூறில்லை, தொண்ணூற்றொன்பது. "பூஜ்யத்தைப் பத்தியே புத்தகம் எழுதுறவருக்கு பூஜ்யம் இல்லாத இடம் கண்ணுல படலையே!" என்று சிரித்தாள். "விடும்மா, அவரு படிச்சவரு, லிஃப்ட்ல ஏறியிருக்க மாட்டாரு" என்றார் புருஷன். மறுநாள் அதையும் மரியாதையாகக் கேள்வியாகத்தான் எழுதினாள்.

கட்டு பேராசிரியர் வீட்டுக்குப் போனது. எட்டு நாள் கழித்துத் திரும்பி வந்தது. முதல் பக்கத்தில் நீல மையில் பெரிய டிக் ஒன்று. 'எல்லாம் சரி. அச்சுக்குப் போகலாம்.' கீழே வாலை நீட்டி ஒரு கையெழுத்து. உள்ளே ஒரு கேள்விக்கும் பதில் இல்லை. கட்டைக் கட்டி அனுப்பிய நூல் முடிச்சுகூட அவள் போட்ட அதே முடிச்சு; முதல் தாளை மட்டும் உருவி எழுதிவிட்டுத் திரும்பச் செருகியிருக்கிறார் மகானுபாவர்!

முதலாளியிடம் ஓடினாள். "சார், நாப்பத்தொரு கேள்விக்கும் பதில் இல்ல. அஞ்சாவது இயல்ல புள்ளியே இல்ல."

"அவரே எல்லாம் சரின்னு எழுதிட்டாரே அக்கா. வெளியீட்டு விழாவுக்குத் தேதி குறிச்சாச்சு. அவருக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சிடப் போகுது?"

"ஒரு போன் பண்ணிக் கேளுங்க சார்."

"ரயில்ல இருக்காராம். விடுங்க."

விட்டார்கள். இரண்டாயிரம் பிரதி அடித்தார்கள். அட்டையில் அவ்வளவு பெரிய புள்ளி, உள்ளே ஒரு எண்ணிலும் புள்ளி கிடையாது.

விழா முடிந்து மூன்றாவது வாரம் ஒரு வாசகர் கூட்டம். கமா அக்காவும் புருஷனும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பேராசிரியர் அழகாகத்தான் பேசினார். முடிந்ததும் ஓய்வுபெற்ற நில அளவைக்காரர் ஒருவர் எழுந்தார், கையில் புத்தகம்.

"ஐயா, எழுபத்து நாலாம் பக்கத்துல, 'இந்தச் சின்னப் புள்ளியைப் பாருங்கள்'னு எழுதியிருக்கீங்க. கண்ணாடி போட்டும் பார்த்தேன், கழட்டியும் பார்த்தேன். வெறும் அறுபத்தஞ்சுதான் இருக்கு. புள்ளி எங்கே?"

மண்டபம் கொல்லென்று சிரித்தது. பேராசிரியர் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். முகம் ஒரு நொடி செத்தது. அடுத்த நொடி மைக்கைப் பிடித்து, "மெய்ப்புப் பார்த்த அம்மாவுக்குப் பூஜ்யம்னா என்னன்னே தெரியாது போலிருக்கு. தூசின்னு நினைச்சுத் துடைச்சு வச்சுட்டாங்க. வீட்டுப் பழக்கம், என்ன பண்றது!" என்றார்.

முன்னதைவிடப் பெரிய சிரிப்பு. கமா அக்காவின் காது இரண்டும் தீயாக எரிந்தது. பக்கத்து நாற்காலிக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், யாருடைய பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரியாமல். புருஷன் எழப் போனார். அவர் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "இங்க வேண்டாம். என் மேஜைக்கு வரட்டும்" என்றாள். வீட்டுக்குப் போனார்கள். கதவைத் திறந்ததும்தான் அழுதாள். துக்கமா அது? ஆத்திரம், வேறொன்றுமில்லை.

"ஆறு வருஷம் ஒவ்வொரு புள்ளிக்கும் முன்னாடி பூஜ்யம் இருக்கான்னு பார்த்தவ நான். எனக்குப் பூஜ்யம் தெரியாதாம். தூசி துடைக்கிறவளாம்!"

மேஜைக்கு வந்தது. அதுவும் எப்படி வந்தது தெரியுமா? திங்கட்கிழமை காலையில், மெய்ப்புப் பார்ப்பதற்காகவே வந்தது! பேராசிரியர் ஒரு பிழைதிருத்தச் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். விற்றது போக மீதிப் பிரதி எல்லாவற்றிலும் முதல் பக்கத்தில் ஒட்ட வேண்டும். சனிக்கிழமை அடுத்த கூட்டம், அதற்குள் தயாராக வேண்டும். லேஅவுட்காரர் அச்செடுத்துக் கொண்டுவந்து, மேஜையின் ஓரத்தில் வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமலே நழுவினார்.

சீட்டு இதுதான்: 'மெய்ப்புத் திருத்தியவரின் அறியாமையால் ஐந்தாம் இயலில் புள்ளிகள் விடுபட்டுள்ளன. பக்கம் 74இல் 65 என்றிருப்பதை 6 5 என்று திருத்தி வாசிக்கவும்.'

அறியாமையால். மேடையில் சொன்னது காற்றோடு போகும். இது அப்படியா? புத்தகம் இருக்கிற வரைக்கும், நூலகத்தில், பள்ளிக்கூடத்தில், யார் திறந்தாலும் முதல் பக்கத்திலேயே அவள் அறிவில்லாதவள் என்று அச்சில் நிற்கும். அதை அவளே படித்து, கமா சரியா, ஒற்று சரியா என்று பார்த்து அனுப்பி வைக்க வேண்டுமாம். நல்லா இருக்கிறதே நியாயம்!

அப்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. ஆறு, ஐந்து, நடுவில் வெறும் இடைவெளி. சீட்டிலும் புள்ளி இல்லை! "என்ன லேஅவுட், இதுலயும் காணோம்?" என்று கூப்பிட்டாள். லேஅவுட்காரர் தலையைச் சொறிந்தார். "போன தடவை மெஷின் தூசியை எல்லாம் புள்ளியாக்கிடுச்சேன்னு, தனியா நிக்கிற புள்ளியை எல்லாம் மெஷினே அழிக்கிற மாதிரி வச்சுட்டேன் அக்கா" என்றார்.

கமா அக்காவுக்கு ஒரு நிமிடம் சபலம் தட்டியது. பொய் சொல்வானேன். அப்படியே விட்டுவிட்டால்? புள்ளி விட்டுப் போனதைத் திருத்துகிற சீட்டிலும் புள்ளி இல்லாமல், மீதிப் பிரதியில் எல்லாம் ஒட்டினால், சனிக்கிழமை அந்த நில அளவைக்காரர் மறுபடி எழுந்திருப்பார். மேடையில் நிற்கிறவர் பாடு அப்புறம் தெரியும். எவ்வளவு குளுமையாக இருக்கும்! பேனாவை மூடிக்கூட வைத்தாள். ஆனால் கை கேட்கவில்லை. வெற்று இடைவெளியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அந்தக் கைக்குப் பழக்கமில்லை. சிவப்பு மையால் ஆறுக்கும் ஐந்துக்கும் நடுவே அழுத்தி ஒரு புள்ளி வைத்தாள்.

அப்புறம் பென்சிலை எடுத்தாள். 'அறியாமையால்' என்பதன் அடியில் கோடிட்டு, ஓரத்தில் எழுதினாள்: 'இந்தச் சொல் உண்மையா? நூலாசிரியர் பதில் தேவை.'

சுருக்கொப்பம் போடவில்லை. அவள் சுருக்கொப்பம் இல்லாத தாள் மெஷினுக்குப் போகக் கூடாது. அதுவும் முதலாளி வைத்த சட்டம்தான்.

செவ்வாய்க்கிழமை முதலாளி வந்து பக்கத்தில் நின்றார். "அக்கா, ரெண்டு வரிதானே? உங்க பேரா போட்டிருக்கு? யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்ல சார்."

புதன்கிழமை குரல் ஏறியது. "பைண்டிங் ஆளுங்க பசையைக் கலக்கி வச்சுட்டுச் சும்மா உக்காந்திருக்காங்க. வேற ஆளை வச்சுப் பார்த்துக்கவா?"

"வச்சுக்கோங்க. இருபத்தேழு வருஷத்துக்கு அப்புறம் போறதுன்னா நான் இதுக்காகவே போறேன். ஆனா அந்தச் சொல்லுக்குக் கீழ என் கையெழுத்து விழாது."

அவளுக்கு உள்ளே பயம்தான். வேலை போனால் இந்த வயதில் யார் எடுப்பார்கள்? புருஷனுக்கு முதுகு வேறு. இருந்தாலும் முகத்தில் காட்டவில்லை. முதலாளி தன் அறைக்குப் போய், பேராசிரியருக்குப் போன் போட்டார்.

வெள்ளிக்கிழமை காலை பேராசிரியர் நேரில் வந்தார். கடுகடுவென்று இருந்தார். அவள் எழுந்து நின்று வணக்கம் சொன்னாள், நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். மரியாதையில் குறை வைக்கவில்லை.

"ஒரு வார்த்தைக்கு இவ்வளவு கலாட்டாவாம்மா?"

"ஒரு புள்ளிக்கு மேடையில நீங்க பண்ணது என்ன சார்?"

அவள் பரணிலிருந்து எடுத்து வைத்திருந்த கட்டை அவர் முன்னால் வைத்தாள். நூல் முடிச்சை அவரையே அவிழ்க்கச் சொன்னாள். முதல் பக்கத்தில் அவருடைய நீல டிக், வால் நீட்டிய கையெழுத்து. அடுத்தடுத்த பக்கங்களில் பென்சில் எழுத்து. இங்கே புள்ளி வேண்டுமா? இங்கே புள்ளி வேண்டுமா? இங்கே? அவர் புரட்டப் புரட்ட வேகம் குறைந்தது.

"பயணத்துல இருந்தேன். முழுசா..."

"பார்க்கல."

"பார்க்க நேரமில்லாமப் போச்சு."

"சரி சார். நான் பார்த்தேன். தப்பா ஒண்ணு பண்ணேன். பண்ணது தப்புன்னு தெரிஞ்சதும் எது புள்ளி, எது தூசின்னு தெரியாம உங்களைக் கேட்டேன். நீங்க தெரிஞ்சவர், கேட்டும் பார்க்கல. இதுல அறியாமை எங்க இருக்குன்னு நீங்களே சொல்லுங்க. பேர் தெரியாத எழுத்தரைக் கைகூப்பி வணங்கினீங்களே சார், அந்த வரியை நான் ரெண்டு தடவை படிச்சேன். அவர் செத்து ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆனதுனாலதானே கும்பிட்டீங்க? உயிரோட கடைசி வரிசையில உக்காந்திருந்தா அவரையும் தூசி துடைக்கிறவர்னுதான் சொல்லியிருப்பீங்க."

லேஅவுட்காரர் மவுஸைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். முதலாளி ஜன்னலுக்கு வெளியே எதையோ தீவிரமாகப் பார்த்தார். பேராசிரியர் சீட்டை எடுத்து, நீலப் பேனாவைத் திறந்து, 'அறியாமையால்' என்ற சொல்லை அடித்தார்.

"போதுமாம்மா?"

"அது ஒண்ணுதான் சார் ஆச்சு. இன்னும் நாப்பத்தொண்ணு பாக்கி. ஒவ்வொண்ணுக்கும் பதில் எழுதிடுங்க."

"இப்பவா?"

"ரயில் ஏதாவது இருக்கா சார்?"

அவர் உட்கார்ந்தார். பையிலிருந்து தன் குறிப்பேட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எழுதினார். பதினோரு புள்ளியும் அவள் ஊகித்த இடத்திலேயே இருந்தன, ஒன்றுகூடப் பிசகவில்லை. அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் வேறொரு புத்தகத்தின் மெய்ப்பில் தலை கவிழ்ந்திருந்தாள். இருபத்தாறாவது கேள்வியில் பேனா நின்றது. 'கி.மு. 50 முதல் கி.பி. 50 வரை நூறா, தொண்ணூற்றொன்பதா?' உதட்டுக்குள் எண்ணினார். விரலை மடக்கி எண்ணினார். கழுத்து வரைக்கும் சிவந்தது.

"இது... உங்களுக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

"வீட்டுக்காரர் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர்" என்றாள் தலை நிமிராமல். அதற்கு மேல் விளக்கவில்லை. என்ன அவசியம்?

மூன்று மணி நேரம் ஆனது. இரண்டு வரியாக வந்த சீட்டு ஒன்பது வரியானது. வாசகர் யாரும் இதுவரை கண்டுபிடிக்காத மூன்று பிழைகள் புதிதாக அதில் ஏறின, மூன்றும் அவருடையவை. 'மெய்ப்பில் கேட்ட கேள்விகளுக்கு நான் விடை எழுதாததே இவை திருத்தப்படாமல் போனதற்குக் காரணம்' என்று கடைசி வரியை அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டார். போகும்போது வாசலில் நின்று, "வர்றேம்மா" என்றார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. முந்நூறு பேர் சிரித்ததை எந்த மை கொண்டு அடிப்பது? அந்தக் கோபம் இன்றைக்கும் அவளுக்குத் தீரவில்லை, தீரவும் வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.

முதலாளி சீட்டை வாங்கிப் படித்தார். முகம் மலர்ந்தது. பிறகு முதல் வரியில் கண் நின்றது. அது கமா அக்கா தன் கையால் எழுதிச் சேர்த்த வரி: 'ஐந்தாம் இயலில் பதினோரு இடங்களில் புள்ளி நீக்கப்பட்டது மெய்ப்பில் நேர்ந்த பிழை.'

"அவரே தன் மேல போட்டுக்கிட்டாரு, அப்புறம் இது எதுக்கு அக்கா? நம்ம பேரை நாமே கெடுத்துக்கணுமா?" என்று சொல்லி, பேனாவை எடுத்து அந்த வரியை ஒரே கோடாக அடித்தார்.

கமா அக்கா சீட்டைத் தன் பக்கம் இழுத்தாள். "அது நான் பண்ணது சார். பண்ணாததை என் தலையில போடவும் விட மாட்டேன், பண்ணதை யாரும் துடைக்கவும் விட மாட்டேன்" என்றாள். சிவப்புப் பேனாவைத் திறந்தாள். அடித்த வரியின் அடியில், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை, வரிசையாகப் புள்ளிகள் வைத்தாள். இருக்கட்டும். பிறகு ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டு லேஅவுட்காரரிடம் நீட்டினாள்.

அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அக்கா, இவ்வளவு புள்ளி இருக்கே, இதுல எது நிஜம், எது தூசி?"

"எல்லாமே நிஜம். ஒண்ணு காணாமப் போனாலும் கையை ஒடிச்சிடுவேன்" என்றாள்.